அம்மாச்சி வீட்டு போன் நம்பர்

அந்தப் பையனை நான் முதலில் பார்த்தபோது அவனுக்கு இரண்டு நாள். அடுத்துப் பார்த்தபோது மூன்றரை வயது.

பிறந்தது காரைக்குடியில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில். காது கேட்கிறதா என்று பார்க்கும் மெஷின் இரண்டு காதிலும் 'ரெஃபர்' என்றது, அதாவது மறுபடி பார்க்க வேண்டும். நோட்டில் அம்மா பெயர், ஊர், அப்பாவின் செல் நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டு, "காதுல இன்னும் தண்ணி இருக்கும்மா, அதான் இப்படிக் காட்டுது, ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்று சிரித்த முகமாகச் சொல்லி அனுப்பினேன். வரவில்லை. போன் போட்டேன், சுவிட்ச் ஆஃப். இன்னும் இரண்டு தடவை போட்டேன். அப்புறம் வேறு குழந்தைகள், வேறு வேலை. கல்லல் பக்கம் ஒரு அங்கன்வாடிக்குப் பரிசோதனைக்குப் போனபோது, பேச்சே வராத ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு அம்மா வந்தாள். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்கதானக்கா அப்ப காதுல வயரு வச்சுப் பாத்தீங்க? தண்ணின்னு சொன்னீங்கள்ல?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண் அவள். புருஷனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஐந்தாம் மாதம் பிள்ளையோடு அங்கே போய்விட்டாள், அவர் சிம்மை மாற்றிவிட்டார், கதை அவ்வளவுதான். கல்லலில் இருந்த அம்மாச்சி அந்த மூன்றரை வருஷமும் அதே வீட்டில், அதே போன் நம்பரோடுதான் இருந்திருக்கிறார். அந்த நம்பரை நான் கேட்கவே இல்லை.

நாங்கள் ஒரு அறக்கட்டளையின் கீழ் நடக்கும் சின்னக் குழு. நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கிறவள், கூட ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட், ஊர் ஊராகப் போய்வர ஒரு பெண். அவர் பிளஸ் டூ வரைதான் படித்தவர், ஆனால் மூவரில் வேலை நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், சாக்கோட்டை, புதுவயல், அந்தப் பக்கம் பொன்னமராவதி வரை போவோம். இதை நடத்துகிறேன் என்றால் பெரிய பதவி மாதிரித் தெரியும். ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் அனுமதி கேட்பது, சார்ஜர் வயரைத் தேடுவது, ஆட்டோ கணக்கு எழுதுவது, திட்டு வாங்குவது, இதெல்லாம்தான் அந்தப் பதவி. இது மாதிரி ஒன்றை வேறு ஊரில் ஆரம்பிக்கிறவர்களுக்கு உதவும் என்று, எங்கே எங்கே தடுக்கி விழுந்தோம் என்பதை எழுதுகிறேன்.

முதலில் மெஷினைப் பற்றி, ஏனென்றால் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். ஓ.ஏ.ஈ என்று ஒரு பரிசோதனை. நல்ல காதுக்குள் சத்தம் போனால், உள்ளே நத்தைக்கூடு மாதிரி இருக்கும் காக்ளியாவிலிருந்து ஒரு மெல்லிய சத்தம் பதிலுக்குத் திரும்பி வரும். 1978இல் டேவிட் கெம்ப் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கண்டுபிடித்தது இது. குடும்பத்தாரிடம் நான் கிணற்றைச் சொல்வேன். எட்டிப் பார்த்துக் கூவினால் கிணறு திருப்பிக் கூவும் இல்லையா, அந்த மாதிரி காது திருப்பிக் கூவுகிறதா என்று பார்க்கிறோம், அவ்வளவுதான். பிள்ளை தூங்கினால் ஒரு காதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. தூங்காவிட்டால் ஒரு மணி நேரம் நின்றாலும் நடக்காது.

பிறந்த அன்றைக்கே பார்க்காதீர்கள். காதுக் குழாயில் மாவு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கும், நடுக்காதில் திரவமும் இருக்கலாம், நல்ல காதே ரெஃபர் என்று வரும். ஒரு நாள் தாண்டட்டும், முடிந்தால் வீட்டுக்குப் போகும் நாள் காலையில் பால் குடித்துத் தூங்கும்போது பாருங்கள். அறையில் டிவியையும் ஏசியையும் நிறுத்துங்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்களை வெளியே போகச் சொல்லத் தனித் திறமை வேண்டும். எங்கள் பெண் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்: "பிள்ளைக்குக் கண்ணு பட்டுரும், கொஞ்சம் வெளிய இருங்க" என்பார். ஒரு வார்த்தை மறுபேச்சு இல்லாமல் அறை காலியாகிவிடும். அறிவியலுக்கு இது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆரம்பத்தில் நாங்கள் செய்த தப்பு ஒன்று இருக்கிறது, பல இடங்களில் இன்றும் நடக்கிறது. ரெஃபர் வந்தால் மறுபடி வைப்பது, மறுபடி வைப்பது, ஆறாவது ஏழாவது தடவை 'பாஸ்' வந்ததும் நிம்மதியாக எழுதிவிட்டு எழுந்துபோவது. இத்தனை தடவை வைத்தால் கேட்காத காதுகூடத் தற்செயலாக ஒரு தடவை பாஸ் ஆகிவிடும். ஒரு தடவைக்கு இரண்டு முயற்சி, இரண்டிலும் வரவில்லை என்றால் ரெஃபர், முடிந்தது. இதை ஒரு விதியாகச் சுவரில் எழுதி ஒட்டினோம். மெஷினைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கும்போது எப்படியாவது பாஸ் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றும். மனிதத்தன்மைதான், ஆனாலும் விதி வேண்டும்.

இன்னொன்று, இங்க்யுபேட்டர் வார்டில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த பிள்ளை, மஞ்சள் காமாலை ஏறி ரத்தம் மாற்ற வேண்டிய அளவுக்குப் போன பிள்ளை, இவர்களுக்கு ஓ.ஏ.ஈ போதாது. காக்ளியா நன்றாகவே இருக்கும், அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் கோளாறு இருக்கும். கிணறு கூவும், வீட்டுக்குள் யாருக்கும் கேட்காது. அவர்களுக்கு நேரே பெரா டெஸ்ட், தலையில் எலெக்ட்ரோடு ஒட்டி நரம்பு வழியாகச் சத்தம் போகிறதா என்று பார்ப்பது. இவர்களுக்கு ஓ.ஏ.ஈ பாஸ் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்புவது, ஒன்றுமே பார்க்காமல் அனுப்புவதைவிட மோசம். பிறகு யார் சொன்னாலும் அந்தச் சீட்டைத்தான் காட்டுவார்கள்.

சரி, ரெஃபர் வந்துவிட்டது. எங்கள் சர்வீஸ் பிழைப்பதும் சாவதும் இந்த இடத்தில்தான். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டு பேருக்கு நிரந்தரக் கேட்புக் குறை இருக்கும் என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் கணக்கு. முதல் பரிசோதனையில் ரெஃபர் வருகிறவர்கள் அதைவிடப் பல மடங்கு. அதனால் பெரும்பாலோருக்கு ஒன்றுமே இருக்காது, இது உண்மை. இந்த உண்மையைத்தான் நான் 'தண்ணி' என்று சொன்னேன், அதனால்தான் அந்தப் பையன் வரவில்லை. அதற்காக மறு பக்கம் சாய்ந்து, "காது கேக்கலைன்னு நினைக்கிறோம்" என்று கூட வேலை பார்த்த ஒருவர் ஒரு வீட்டில் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் அன்றிரவு யாரும் சாப்பிடவில்லை. மாமியார் மருமகளைப் பேசிவிட்டார், மறுநாள் ஆஸ்பத்திரியில் எங்களை உள்ளேயே விடவில்லை. அந்தப் பிள்ளைக்குக் காது நன்றாகவே கேட்டது.

இப்போது நாங்கள் சொல்வது ஏறக்குறைய மனப்பாடம். "இன்னைக்கு இந்தக் காதுலேர்ந்து எங்களுக்குப் பதில் கிடைக்கல. நிறையப் பிள்ளைகளுக்கு இப்படி வரும், அடுத்த தடவை சரியாயிரும். சில பிள்ளைகளுக்கு நிஜமாவே கேக்காம இருக்கும். எதுன்னு இன்னைக்குச் சொல்ல முடியாது, அடுத்த டெஸ்ட்லதான் தெரியும், அது இந்தத் தேதியில." நாலே வாக்கியம், தேதி கட்டாயம். 'ஃபெயில்' என்ற சொல்லை வாயிலிருந்தே எடுத்துவிட்டோம். பரீட்சையில் தோற்ற மாதிரி ஆகிவிடுகிறது, அதுவும் பிறந்து இரண்டு நாளில்.

அதையும் அம்மாவிடம் மட்டும் சொல்லக்கூடாது. ஆபரேஷன் செய்து படுத்திருக்கிறவளுக்கு அன்றைக்கு எதுவும் மண்டையில் ஏறாது. அப்பத்தாவோ அம்மாச்சியோ பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள், நகரத்தார் வீடு என்றால் ஆயாவிடம். வரலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். இவர்களிடம் ஒரு வாதம் தயாராக இருக்கும். "ஏத்தா, தட்டத் தட்டுனேன், திரும்புனான்ல?" என்பார்கள். "குக்கர் விசிலுக்கு முழிச்சுக்கிறான்", "அவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசுனான்", "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்". நாக்கில் வசம்பு உரைத்துத் தடவினால் பேச்சு வந்துவிடும் என்பதும் உண்டு. இதில் எதையும் நான் சிரித்து ஒதுக்குவதில்லை. தட்டைத் தட்டினால் தரை அதிரும், காற்று வரும், நிழல் ஆடும், பிள்ளை அதற்குத் திரும்பலாம். விசில் மிகப் பெரிய சத்தம், பேச்சு அப்படி இல்லை, விசில் கேட்கிற காதுக்கு 'ஸ்', 'த்' எல்லாம் கேட்காமல் போகலாம். இதைச் சொல்வதைவிடக் காட்டுவது மேல். அப்பத்தாவையே பிள்ளைக்குப் பின்னால் நிற்கவைத்து, கையசைக்காமல் மெல்லிய குரலில் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்வேன். ஆறேழு மாசம் ஆன பிள்ளையாக இருந்தால் திரும்ப வேண்டும். திரும்பாதபோது அவரே சொல்வார், "ஆமா, திரும்பலையே." அதன்பின் அந்த வீட்டில் எங்களுக்காகப் பேசுகிறவர் அவர்தான்.

நோட்டுக்கு வருகிறேன். இப்போது எங்கள் நோட்டில் ஒரு குழந்தைக்கு மூன்று நம்பர்: அம்மா, அப்பா, தாய்வீட்டில் இடம் மாறாமல் இருக்கிற யாராவது ஒருவர். பிரசவம் எந்த ஊரில், திரும்பிப் போவது எந்த ஊருக்கு, எத்தனாவது மாதம். இந்தக் கடைசிக் கேள்விதான் பெரிய விஷயம். நம் பக்கம் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நாள் பார்த்துப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவார்கள். மருத்துவ உலகத்தில் சொல்லும் காலக்கெடு என்ன? ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ ஆரம்பிப்பது. ஆக, அவள் தாய்வீட்டில் இருக்கிற அந்தக் காலம்தான் நமக்குக் கிடைத்த நேரம் முழுக்க. சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போனபின் துரத்திப் பிடிப்பது மிகக் கஷ்டம். அதனால் பெராவை அவள் கிளம்பும் தேதிக்கு முன்னால் வைத்துவிடுவோம். கிளம்பிவிட்டால், போகிற ஊரில் எங்கே காட்டுவது என்று விசாரித்துச் சீட்டில் எழுதிக் கொடுப்போம்.

இரண்டாவது பரிசோதனைக்குத் தனியாக ஒரு தேதி கொடுத்துப் பார்த்தோம், பாதிப் பேர்கூட வரவில்லை. ஒன்றரை மாத ஊசிக்கு எல்லோரும் வருவார்கள். அந்த நாளிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் உட்கார்ந்துகொண்டோம். இது நான் கண்டுபிடித்தது இல்லை, ஒரு கிராம சுகாதார செவிலியர், "என் வரிசையில நீங்க உக்காருங்க மேடம், நான் அனுப்புறேன்" என்றார். முதல் வாரம் ஊசி போட்டபின் எங்களிடம் அனுப்பினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஊரைக் கூட்டியது. அடுத்த வாரத்திலிருந்து முதலில் காது, பிறகு ஊசி. இவ்வளவு சின்ன விஷயம், ஒரு நாள் முழுக்க வீணானபின்தான் புரிந்தது.

செவிலியர்களைப் பற்றி ஒன்று. அவர்கள் கையில் ஏற்கெனவே பத்து ரிஜிஸ்டர் இருக்கிறது. பதினொன்றாவதை நாம் நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள், நிரப்ப மாட்டார்கள். நாங்கள் அவர்களுக்குக் காகிதம் எதுவும் தருவதில்லை. அவர்கள் அனுப்பிய பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று போனில் சொல்கிறோம், அவ்வளவுதான். அனுப்பியவருக்குப் பதில் சொல்லாத சர்வீஸுக்கு மூன்றாவது குழந்தையை யாரும் அனுப்ப மாட்டார்கள்.

பெரா டெஸ்டுக்குப் பிள்ளை முக்கால் மணி, ஒரு மணி நேரம் அசையாமல் தூங்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கு இயல்பான தூக்கமே போதும். தூக்க மருந்து கொடுப்பது மருத்துவர் பார்க்கவேண்டிய வேலை, நான் அந்தப் பக்கம் போவதில்லை. காலையில் சீக்கிரம் எழுப்பிவிட்டு, தூங்கவிடாமல் கொண்டுவந்து, இங்கே பால் கொடுத்துத் தூங்கவைக்கச் சொல்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. பொன்னமராவதியிலிருந்து பஸ் ஏறினால் என்ன ஆகும்? ஜன்னல் காற்றில் பிள்ளை சுகமாகத் தூங்கி, எங்கள் வாசலில் இறங்கும்போது புதுப்பூ மாதிரி கண்ணைத் திறந்து சிரிக்கும். அப்படி எத்தனை நாள் போனதோ. இப்போது தூரத்து ஊர்க்காரர்களுக்கு மதியம்தான் நேரம் கொடுப்பது. வந்து விளையாடி, களைத்து, குடித்து, தானாகத் தூங்கட்டும். அந்த நேரத்துக்கு வேறு யாரையும் வரச்சொல்ல மாட்டோம். ஒரு மதியத்துக்கு ஒரு பிள்ளை. கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது பிடிக்காது.

இடம் பற்றியும் சொல்ல வேண்டும், செட்டிநாட்டில் இது தனிக் கூத்து. ஆரம்பத்தில் ஒரு பெரியவர் தன் பழைய வீட்டின் முகப்பை வாடகை இல்லாமல் கொடுத்தார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, தேக்குத் தூண், கண்ணாடி மாதிரி வழவழக்கும் சுண்ணாம்புப் பூச்சு, அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் கூரை. வந்தவர்கள் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். காது டெஸ்டுக்கு அதைவிட மோசமான இடம் கிடைக்காது. பேசினால் பேச்சு சுவரில் மோதித் திரும்பித் திரும்பி வரும். வயரிங் பழசு, எர்த் சரியில்லை, பெரா திரையில் நரம்பு அலைக்குப் பதில் கரண்ட் இரைச்சல்தான் ஓடியது. மூன்று மாதம் மெஷினைத் திட்டினோம், பிறகு எலெக்ட்ரீஷியன் வந்து சொன்னார். இப்போது பின்தெருவில் ஒரு தாழ்வான சின்ன அறை, தனி எர்த், சுவரெல்லாம் பழைய ரஜாய். அழகே இல்லை. நன்றாக வேலை செய்கிறது.

அந்த முகப்பு கற்றுக்கொடுத்த பாடம் பிறகு வேறு இடத்தில் உதவியது. காது மெஷின் போட்ட ஒரு பெண் குழந்தை எங்களிடம் நன்றாகத் திரும்புகிறது, வீட்டில் எதற்கும் திரும்பவில்லை என்றார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். பிள்ளை பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், இந்தக் கோடியில், ஆயா அந்தக் கோடியில் இருந்து கூப்பிடுகிறார். நமக்கு எதிரொலியைத் தள்ளிவிட்டுக் குரலை மட்டும் எடுத்துக்கொள்ளத் தெரியும், பிள்ளைக்கும் அந்த மெஷினுக்கும் தெரியாது, எல்லாம் ஒரே குழம்பல். பாயையும் ஜமுக்காளத்தையும் விரித்து, கதவை அடைத்த சின்ன அறையில், ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்து பேசச் சொன்னோம். ஊர் அடங்கிய நேரத்தில் வெளித் திண்ணைகூட அந்தப் பட்டாலையைவிட மேல். ஒரு வாரத்தில் ஆயா போன் போட்டார், "கூப்பிட்டாத் திரும்புறா" என்று.

மெஷின் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் அதிகம், அறக்கட்டளைக்காரர்கள் உட்பட. மேடை போட்டு, மாலை போட்டு, டப்பாவைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். ஒரு வீட்டில் கொடுத்த மெஷின் ஒரு வருஷம் கழித்தும் புதுசு மாதிரி மின்னியது. எனக்குப் பெருமை, எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறார்கள்! கம்ப்யூட்டரில் மாட்டினால், எவ்வளவு நேரம் போட்டார்கள் என்ற கணக்கு அதிலேயே பதிவாகியிருக்கும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. விசாரித்தால், நகைப்பெட்டியில் வெல்வெட்டில் வைத்து பீரோவில் பூட்டி, கல்யாணம் காட்சி என்று போகும்போதும் எங்களிடம் வரும்போதும் மட்டும் எடுத்து மாட்டியிருக்கிறார்கள். விலை உயர்ந்த பொருள், வாங்கித் தந்தது தர்மப் பணம், உடைந்துபோனால் என்ன செய்வது என்ற பயம். சாமான் செட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றும் ஊர் இது, அவர்கள் செய்தது இந்த ஊருக்கு நியாயம்தான். தப்பு எங்களுடையது. உடைந்தால் சரிசெய்து தருவோம் என்று நாங்கள் சொல்லவே இல்லை. இப்போது முதல் நாளே சொல்கிறோம்: கீறல் விழுந்து அழுக்கான மெஷினைப் பார்த்தால்தான் எங்களுக்குச் சந்தோஷம், குளிக்கும்போதும் தூங்கும்போதும் தவிர மற்ற நேரம் எல்லாம் காதில் இருக்கட்டும்.

நடைமுறை விஷயங்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். காது மோல்டு, அதாவது மெஷினைக் காதுக்குள் பொருத்தும் அச்சு, முதல் வருஷத்தில் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு தரம் சின்னதாகிவிடும், ஏனென்றால் காது வளர்கிறது. மெஷின் கீச்சிட்டால் மெஷின் கெட்டுவிட்டது என்று கழற்றி வைத்துவிடுவார்கள், மோல்டு லூஸ் என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் போடாமல் ஒன்றிரண்டு நிமிஷம் காற்றில் வைத்தால் நன்றாக உழைக்கும். அந்தப் பொத்தான் பேட்டரியைப் பிள்ளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, பூட்டு வைத்த பேட்டரிக் கதவுதான் கேட்டு வாங்க வேண்டும், விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே நேரே ஆஸ்பத்திரி. சித்திரை வைகாசியில் நம் ஊர் வெயிலுக்கு வியர்வை உள்ளே இறங்கும், ராத்திரி சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள். காதில் எண்ணெய் விடுவது, பால் விடுவது, குளிப்பாட்டியபின் வாயால் ஊதுவது, மூன்றும் வேண்டாம். காதுகுத்துக்குத் தடை இல்லை. மலேசியாவில் இருக்கும் மாமா வாங்கி அனுப்பிய மெஷினை அப்படியே மாட்டாதீர்கள். வேறு ஒருவர் கண்ணாடியைப் போட்ட மாதிரி, அந்தப் பிள்ளையின் அளவுக்கு அதை ஆடியாலஜிஸ்ட் திருத்தித் தர வேண்டும்.

மெஷினில் போதிய அளவு கேட்காத பிள்ளைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட், ஆபரேஷன் செய்து காக்ளியாவுக்குள் வைக்கும் கருவி. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் இலவசமாகச் செய்துகொள்ளலாம் என்பதால் பலர் "ஆறு வயசு வரைக்கும் டைம் இருக்குல்ல" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆறு என்பது திட்டத்தின் கெடு. மூளையின் கெடு அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடும், ஒரு வயதை ஒட்டிச் செய்த பிள்ளைக்கும் ஐந்தரையில் செய்த பிள்ளைக்கும் பேச்சில் உள்ள வித்தியாசத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மூளைக்காய்ச்சல் வந்து கேட்காமல் போன பிள்ளை என்றால் இன்னும் அவசரம், காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளலாம். ஆபரேஷன் ஒரு நாள் வேலை, அதன்பின் தெரபி வருஷக் கணக்கு. எல்லாக் குழந்தைக்கும் பேச்சு ஒரே அளவுக்கு வராது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். கை ஜாடை கற்றால் பேச்சு வராது என்று பயமுறுத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளைக்கு ஏதாவது ஒரு மொழி சீக்கிரம் கிடைத்தாக வேண்டும், காது வழியாகவோ கண் வழியாகவோ.

பிறந்தபோது பாஸ் ஆனவர்களையும் விட்டுவிடக்கூடாது, குறை பிறகும் வரும். ஒரு வயதில் ஒரு சொல், இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்ந்து வரவில்லை என்றால் மறுபடி காட்டுங்கள், பழைய பாஸ் சீட்டை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் நாங்கள் அதிகம் பார்ப்பது சளி கட்டிய காதும் சீழ் வடியும் காதும்தான். செவிப்பறையில் ஓட்டையோடு ஊருணியில் குதித்துவிட்டு வருவார்கள். 'கவனிக்க மாட்டான், மந்தம்' என்று கடைசி பெஞ்சில் உட்காரவைத்த பிள்ளைகளை முதலில் அனுப்புங்கள் என்று டீச்சர்களிடம் கேட்டுக்கொள்வோம். மாசி, பங்குனியில் பள்ளிக்கூட முகாம் வைக்காதீர்கள். ஊருக்கு ஊர் திருவிழா, குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள், அந்தச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது.

சொந்தத்தில் கல்யாணம் பற்றிக் கேட்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே குறையுள்ள மரபணு இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, சொந்தத்தில் அப்படி ஒத்துப்போக வாய்ப்பு அதிகம், இது உண்மைதான். ஆனால் அதை முதல் நாளே சொல்லி என்ன பிரயோஜனம்? அந்த வீட்டில் ஏற்கெனவே யார் மேல் பழி போடலாம் என்று தேடிக்கொண்டிருப்பார்கள், நாம் ஆள் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். அசலில் கட்டியவர்களுக்கும் வருகிறது. அதைப் பேசும் நேரம் அடுத்த பிள்ளையைப் பற்றி அவர்களே கேட்கும்போது. கேட்காத பிள்ளையின் அம்மா மறுபடி உண்டானால் அவள் பெயர் எங்கள் நோட்டில் சிவப்பு மையில் ஏறும்.

பணம் தருகிறவர்கள் வருஷக் கடைசியில் கேட்பது 'எத்தனை குழந்தைகளைப் பரிசோதித்தீர்கள்' என்பதுதான். பெரிய எண்ணைச் சொன்னால் முகம் மலரும். நானும் சில வருஷம் அதைத்தான் சொன்னேன், அந்தக் கல்லல் பையனும் அந்த எண்ணில் ஒருவன். இப்போது ரெஃபர் ஆனவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்ற கணக்கை முதல் பக்கத்தில் வைக்கிறேன். ஒருவர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "இது சின்ன நம்பரா இருக்கே?" என்றார். இருக்கட்டும் என்றேன். அடுத்த வருஷம் அவர் தரவில்லை. வேறு ஒருவர் தந்தார்.

அந்தப் பையனுக்கு நாலு வயதில் காக்ளியர் இம்ப்ளான்ட் செய்தார்கள். இப்போது இரண்டாம் வகுப்பு, முன் பெஞ்சு, பேச்சு மட்டும் வகுப்புப் பிள்ளைகளைவிடப் பின்தங்கித்தான் இருக்கிறது, கணக்கில் சூரன். அவன் அம்மா இரண்டாவது பிரசவத்துக்குக் கல்லலுக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்த மறுநாளே அம்மாச்சி நம்பரிலிருந்து அவளே போன் போட்டாள். போய்ப் பார்த்தேன். பெண் குழந்தை, இடது காது பாஸ், வலது காதிலிருந்து பதில் இல்லை. மனப்பாடமான அந்த நாலு வாக்கியத்தைச் சொல்லத் தொடங்கினேன், பாதியிலேயே அவள், "தெரியும்க்கா, தேதியை மட்டும் சொல்லுங்க" என்றாள். ஒன்றரை மாத ஊசிக்கு அடுத்த வியாழக்கிழமை மதியம் பெராவுக்கு எழுதினேன். அம்மாச்சி எந்த பஸ்ஸில் வருவது என்று யோசிக்க ஆரம்பித்தார்.

"பஸ்ஸு வேணாம்மா, பாப்பா தூங்கிரும். ஆட்டோ பிடிச்சு, பேசிக்கிட்டே வருவோம்."